வெள்ளைச் சிறகில் சிவப்புப் பொட்டு: டர்பன் தோட்டத்து அந்துப்பூச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பூச்சி ஆராய்ச்சி என் தொழில் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பையன் தீப்பெட்டிக்குள் ஒரு பூச்சியைப் பிடித்துவந்து “டீச்சர், இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?” என்று கேட்டான். அன்றைக்கு வாயைத் திறந்து பதில் சொன்னதன் பலன், இன்றுவரை வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தபடி இருக்கின்றன. அக்டோபரில் மழை பிடித்தால் வாரத்துக்கு நாலைந்து வரும். அதில் பாதிக்கு மேல் ஒரே பூச்சி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை ஓய்ந்துவிட்டதால், எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

அக்கா, வெள்ளையாக இருக்கிறது, மேலே சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். இது என்ன?

அநேகமாக உட்டெதீசா புல்கெல்லா. ஆங்கிலத்தில் கிரிம்சன் ஸ்பெக்கிள்ட் என்பார்கள். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். புல்கெல்லா என்றால் லத்தீனில் ‘அழகிக்குட்டி’ என்கிற மாதிரி ஒரு செல்லப்பெயர். எரெபிடே குடும்பத்தில், புலி அந்துகள் என்று சொல்லப்படும் ஆர்க்டீனே பிரிவில் இது வரும்.

தமிழில் இதற்கென்று நிலைத்துப்போன பெயர் எதுவும் என் காதில் விழுந்ததில்லை. வகுப்பில் ‘சிவப்புப் பொட்டு அந்து’ என்கிறோம். பிள்ளைகள் வைத்த பெயர்தான்.

அந்துப்பூச்சி என்றால் ராத்திரி விளக்கைச் சுற்றுவதுதானே? இது பட்டப்பகலில் பறக்கிறதே, பட்டாம்பூச்சி இல்லையா?

இல்லை. அந்து என்றாலே நமக்கு அரிசி டின்னில் பறக்கும் சாம்பல் நிறப் பூச்சி நினைவுக்கு வரும். விட்டில் என்றால் விளக்கில் விழுந்து சாவது. இந்த இரண்டு படமும் மனதில் பதிந்துபோனதால், பளபளவென்று பகலில் பறக்கும் எதைப் பார்த்தாலும் பட்டாம்பூச்சி என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் பகலில் பறக்கும் அந்துகள் ஏராளம். இது பகலிலும் பறக்கும், இரவில் விளக்குக்கும் வரும்.

உணர்கொம்பைப் பாருங்கள். பட்டாம்பூச்சிக்கு நுனியில் கடுகு ஒட்டிய மாதிரி ஒரு குண்டு இருக்கும். இதற்கு வெறும் நூல்தான்.

சரி, இதுதான் என்று எப்படி உறுதி செய்வது?

எல்லோரும் புள்ளியை எண்ணுகிறார்கள். புள்ளியை நம்ப வேண்டாம். முன்சிறகின் புள்ளிகள் பூச்சிக்குப் பூச்சி மாறும். ஒன்றில் சிவப்பு பெரிதாகப் பட்டையாக இருக்கும், இன்னொன்றில் கறுப்பு மிளகு தூவின மாதிரி நிறைந்து சிவப்பு ஒதுங்கி இருக்கும். வயதான பூச்சியில் சிவப்பு வெளுத்து ஆரஞ்சாகிவிடும்.

நான் முதலில் பார்ப்பது அது உட்காரும் விதத்தை. இந்தப் பூச்சி உட்கார்ந்தால் சிறகை விரித்துவைக்காது, கூரைபோலச் சாய்த்தும் வைக்காது. உடம்போடு சேர்த்துச் சுருட்டிக்கொள்ளும். வெற்றிலையை மடிக்காமல் சுருட்டினால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி ஒரு சின்னக் குழல். புல்தண்டில் அப்படிச் சுருண்டு கிடக்கும்போது, தூரத்தில் நின்று பார்த்தால் யாரோ துப்பிய புளிப்புமிட்டாய்த் துண்டு போலத்தான் தெரியும்.

அடுத்தது பின்சிறகு. உட்கார்ந்திருக்கும்போது அது வெளியே தெரியாது. பறக்கும்போதுதான் தெரியும், அல்லது செத்துக் கிடப்பதை மெல்ல விரித்துப் பார்க்கலாம். பின்சிறகில் சிவப்பே இருக்காது. வெள்ளை, வெளி ஓரத்தில் ஒழுங்கில்லாத கறுப்புக் கரை. அவசரமாகக் கத்தரித்து ஒட்டின ஜரிகை போல அந்தக் கரை ஓர் இடத்தில் அகலமாகவும் இன்னோர் இடத்தில் ஒடுங்கியும் போகும். நடுவில் ஒன்றிரண்டு சின்னக் கறுப்புக் குறி. இந்தக் கரையும் குறியும் படத்தில் விழுந்துவிட்டால் என் வேலை பாதி முடிந்தது.

அப்புறம் அளவு. விரித்த சிறகின் அகலம் சுமார் 29 முதல் 42 மில்லிமீட்டர். ஐந்து ராண்ட் நாணயத்தின் விட்டம் 26 மில்லிமீட்டர், அதைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் எனக்குக் கணக்கு எளிது. மார்பின் மேலும் அதே கறுப்புச் சிவப்புப் பொட்டுகள் தொடரும். வயிறு வெள்ளை.

பறக்கிற விதமும் ஓர் அடையாளம். புல்லில் நடந்தால் காலடியிலிருந்து வெடுக்கென்று எழும். நாலைந்து மீட்டர் வெள்ளையாகப் படபடத்துப் போய் மறுபடியும் புல்லுக்குள் இறங்கிவிடும். இறங்கிய இடத்தில் போய்த் தேடினால் கிடைக்காது. பறக்கும்போது நாம் பார்த்தது பின்சிறகின் வெள்ளை. உட்கார்ந்ததும் அது மறைந்துவிடுகிறது. நம் கண் வெள்ளையைத் தேடிக்கொண்டு நிற்கும். பூச்சியோ காலடியில் சிவப்புக் குழலாகச் சுருண்டு கிடக்கும்.

இத்தனைக்கும் மேல் ஒன்று இருக்கிறது: பக்கத்தில் என்ன செடி நிற்கிறது என்பது. அதற்குத் தனியாகவே பதில் எழுத வேண்டும்.

படம் அனுப்பினால் “பக்கத்தில் என்ன செடி?” என்று கேட்கிறீர்களே, ஏன்?

ஏனென்றால் பூச்சி பொய் சொன்னாலும் செடி சொல்லாது.

இதன் புழு எல்லா இலையையும் தின்னாது. இரண்டு கூட்டத்துச் செடிகள்தான் அதற்கு முக்கியம். ஒன்று குரோட்டலேரியா. தமிழில் கிலுகிலுப்பை. காய் முற்றிக் காய்ந்ததும் உள்ளே விதை உருண்டு ‘கிலுகிலு’ என்று சத்தம் போடும், அதனால் அந்தப் பெயர். டர்பனில் வீட்டு வேலியோரம் மஞ்சள் பட்டாணிப் பூவும் மூன்று மூன்றாக இலையும் கொண்ட புதர் ஒன்று நிறைய நிற்கும். அதுதான் குரோட்டலேரியா கேபென்சிஸ், இந்த மண்ணுக்கே உரிய கிலுகிலுப்பை. நர்சரிகளிலும் விற்கிறார்கள். ஆள் உயரத்துக்கு மேலேயே போகும். பை மாதிரி உப்பிய காயைப் பறித்துக் காதருகே ஆட்டிப் பாருங்கள், சந்தேகமே வராது.

இன்னொன்று தேள்கொடுக்கும் அதன் உறவுக்காரச் செடிகளும். பூங்கொத்து தேளின் வால் மாதிரி நுனியில் சுருண்டிருக்கும். அறிவியல் பெயர் ஹெலியோட்ரோப்பியம். கேப் பக்கம் இருப்பவர்களுக்கு எக்கியம் என்னும் ஊதாப் பூக் களையும் இதே குடும்பந்தான்.

எனக்கு இந்தப் பூச்சியோடு ஒட்டுதல் வந்ததே செடி வழியாகத்தான். நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். நடவுக்கு முன்னால் அப்பா வயலில் சணப்பு விதைத்து, பூக்கிற பருவத்தில் மடக்கி உழுவார். சணப்பும் கிலுகிலுப்பையும் ஒரே குரோட்டலேரியா சாதி. அந்தச் சணப்பில் ரோமம் வைத்த கறுத்த புழு ஏறும். இலையை ஓட்டை போடும், காய்க்குள் தலையை நுழைக்கும். வேளாண்மைப் பாடத்தில் ‘சணப்புக் கம்பளிப்புழு’ என்று வரும் பெயர் இந்த உட்டெதீசா புல்கெல்லாவினுடையதுதான். சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஆயா வீட்டு கேட் ஓரம் முதன்முதலாக இந்தப் புழுவைப் பார்த்தபோது, பூச்சியின் பெயரே தெரியாமல் “இது நம்ம சணப்புப் புழு ஆச்சே” என்றுதான் சொன்னேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன், தற்செயலாக.

இதே மாதிரி வேறு பூச்சிகள் உண்டா? எதை எதோடு குழப்பிக்கொள்வோம்?

நான் குழப்பிக்கொண்டதையே முதலில் சொல்கிறேன். இரண்டு வருஷம் முன்னால் ஒரு மாணவியின் அம்மா படம் அனுப்பினார். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் புராஜெக்ட், காலைக்குள் பெயர் வேண்டும். வெளிறிய சிறகு, கறுப்புக் கோடுகள், சிவப்புப் பொட்டு. ராத்திரி பத்து மணி, லோட் ஷெடிங், போனில் 8 சதவீதம் சார்ஜ். “உட்டெதீசா, சந்தேகமே வேண்டாம்” என்று அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பூச்சி உட்கார்ந்திருப்பது ஒரு அல்லிவகைக் கிழங்குச் செடியின் இலையில். உடம்பு தடித்து ரோமமாக இருக்கிறது. சிறகு சுருளவில்லை, கூரைபோலச் சாய்ந்திருக்கிறது. அது டயாஃபோன் யூமெலா, இங்கே செர்ரி ஸ்பாட் என்பார்கள். குடும்பமே வேறு. அதன் புழு தின்பது ஆர்னித்தோகேலம் போன்ற கிழங்குச் செடிகளை. அதற்குள் அந்தப் பெண் புராஜெக்டைக் கொடுத்துவிட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை டீச்சர், மிஸ்ஸுக்கும் தெரியாது” என்றாள். அதற்கு அப்புறந்தான் எல்லோரிடமும் செடியைக் கேட்கத் தொடங்கினேன்.

செர்ரி ஸ்பாட்டைத் தவிர மற்றவை அவ்வளவு சிரமம் இல்லை. கருநீலத்தில் உலோகம்போல மினுங்கி, ஆரஞ்சுப் பட்டை போட்டுக்கொண்டு பகலில் மெதுவாக மிதந்து போனால் அது எகிபோலிஸ் வைலன்டீனா. ஆப்பிரிக்கப் பீச் அந்து. டர்பன் கடற்கரைப் பக்கம் சர்வசாதாரணம். உட்டெதீசாவைவிட நன்றாகப் பெரிது. முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லாரும் “அபூர்வப் பூச்சி கிடைத்துவிட்டது” என்று எனக்கு அனுப்புவது இதைத்தான்.

குளவி மாதிரி இருக்கிறதா? வயிற்றில் ஆரஞ்சு, நீலம், கறுப்பு என்று வளையங்கள், சிறகில் கண்ணாடி ஜன்னல்கள் வைத்த மாதிரி ஒளிபுகும் கட்டங்கள். அது யூக்ரோமியா. கொட்டாது, கொட்டுகிற மாதிரி வேஷம்தான். கறுப்புச் சிறகில் கண்ணாடிப் புள்ளியும் வயிற்றில் சிவப்பு வளையமும் இருந்தால் அமாட்டா. இரண்டுமே உட்டெதீசாவுக்கு ஒருவகையில் பங்காளிகள், அதே ஆர்க்டீனே பிரிவு.

முதுகில் ஓடு தட்டுப்பட்டால் அது வண்டு. அந்துவே இல்லை.

இவ்வளவு சின்னப் பூச்சி ஏன் இத்தனை பகட்டாக இருக்க வேண்டும்? பறவை கொத்திவிடாதா?

கொத்தட்டும் என்றுதான் இருக்கிறது. இது விஷம் உள்ள பூச்சி.

கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற கசப்பு நஞ்சு இருக்கிறது. ஆடு மாடு அதிகம் தின்றால் ஈரல் கெட்டுப்போகும். இந்த நாட்டில் குரோட்டலேரியா டியூரா என்ற வகை குதிரைகளின் நுரையீரலைப் பாதிக்கும். குதிரை ஓடிக் களைத்ததுபோல மூச்சு வாங்குவதால் அதற்கு ஆஃப்ரிகான்ஸில் ‘யாக்சீக்தெ’ என்று பெயர். (செம்மறியாட்டுக்கு வரும் யாக்சீக்தெ வேறு, அது வைரஸ். குளோனிங் ஆடு டாலியை 2003-இல் கருணைக்கொலை செய்தது அந்த நோயால்தான். பெயர் ஒன்று என்பதால் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

உட்டெதீசாவின் புழு அந்த நஞ்சைத் தின்று உடம்பில் சேமித்துக்கொள்கிறது. கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்து வந்த பிறகும் நஞ்சு கூடவே வருகிறது. சிவப்புப் பொட்டு அதன் அறிவிப்புப் பலகை.

இதை நான் வீட்டு வராந்தாவிலேயே பார்த்தேன். மழைக்காலத்தில் இங்கே தங்க நிற நூலில் பெரிய வலை பின்னும் சிலந்திகள் தூணுக்குத் தூண் குடியிருக்கும். கைவிரல் நீளக் கால். ஒரு சாயங்காலம் ஒரு சிவப்புப் பொட்டு அந்து நேராகப் போய் அந்த வலையில் மாட்டியது. அது துடிக்கவே இல்லை, சும்மா கிடந்தது. சிலந்தி விறுவிறுவென்று இறங்கிவந்து முன்காலால் தொட்டது. தொட்டதும் நின்றுவிட்டது. அப்புறம் ஒவ்வொரு நூலாக, பூச்சியைச் சுற்றி, வெட்டத் தொடங்கியது. பொறுமையாக, புடவையில் சிக்கிய முள்ளை எடுக்கிற மாதிரி. கடைசி நூல் அறுந்ததும் பூச்சி பொத்தென்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு எழுந்து பறந்துபோனது. தோசைமாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து பார்த்ததால் அன்றைக்கு மாவு கொரகொரப்பு.

பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஐஸ்னர் என்ற பூச்சியியலாளர் இதன் அமெரிக்கச் சகோதரியான உட்டெதீசா ஆர்னட்ரிக்ஸை வைத்து இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார் என்று. கிலுகிலுப்பை தின்று வளர்ந்த பூச்சியைச் சிலந்தி வெட்டிவிட்டது. நஞ்சில்லாத தீனி கொடுத்து வளர்த்ததைச் சாப்பிட்டுவிட்டது. இரண்டுக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் கிடையாது.

இன்னும் சுவாரசியம், அந்த அமெரிக்க இனத்தில் ஆண் தன் நஞ்சில் ஒரு பங்கைச் சேர்க்கையின்போது பெண்ணுக்குக் கொடுக்கிறது. பெண் அதைத் தன் பங்கோடு சேர்த்து முட்டைகளுக்குக் கொடுத்துவிடுகிறது. தன்னிடம் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்று ஆண் வாசனையாலேயே காட்டும், பெண் அதைப் பார்த்துத்தான் சம்மதிக்கும். சீர் குறைந்த மாப்பிள்ளைக்கு அங்கேயும் இடம் இல்லை. அந்தப் புழுக்கள் காய்க்குள் புகுவதும் இதற்காகத்தான், விதையில்தான் நஞ்சு அதிகம்.

பட்டாம்பூச்சிகளும் அந்தக் கிலுகிலுப்பைச் செடியைச் சுற்றுகின்றன. அவையும் முட்டையிடவா?

இல்லை, அவை திருட வருகின்றன. ஆப்பிரிக்கன் மொனார்க் போன்ற பட்டாம்பூச்சிகளின் ஆண்கள் காய்ந்த, கீறல் விழுந்த இலைகளில் மொய்த்து அதே ஆல்கலாய்டை உறிஞ்சும். பெண்ணைக் கவரும் வாசனை செய்ய அது வேண்டும். ஒரு கிளையை ஒடித்துக் காயவைத்தீர்களானால் கூட்டமே வரும்.

என் செடியில் கம்பளிப்புழு. இது அந்தப் பூச்சியின் பிள்ளைதானா? மருந்து அடிக்கலாமா?

சாம்பல் கலந்த கறுப்பு உடம்பு, முதுகின் நடுவே நீளமாக ஒரு வெள்ளைக் கோடு, கணுவுக்குக் கணு ஆரஞ்சுச் சிவப்பில் குறுக்குக் கறை, அங்கங்கே கொத்தாகக் கொஞ்சம் ரோமம். கிலுகிலுப்பையிலோ தேள்கொடுக்கிலோ இருந்தால் இதுவேதான்.

கிளைவியா, கிரைனம் மாதிரி அல்லிகளில் கறுப்பும் மஞ்சளுமாக வளையம் போட்ட வழவழப் புழு இருந்தால் அது வேறு, பிரைதிஸ் கிரைனி. கிழங்குவரை குடைந்து செடியை அழித்துவிடும். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பகட்டுப் புழு வளர்ந்து மங்கிய பழுப்பு அந்தாகிறது.

மருந்து அடிப்பது பற்றி: கிலுகிலுப்பையைப் பூவுக்காகத்தானே வைத்திருக்கிறீர்கள்? புழு கொஞ்சம் இலை தின்னும், சில காய் போகும், செடி சாகாது. நான் அடிப்பதில்லை. ரொம்பத் தொந்தரவு என்றால் ஒரு குச்சியால் எடுத்துச் சாலையோரத்தில் தானாக முளைத்த செடிக்கு மாற்றிவிடுங்கள். கறிவேப்பிலைக்கோ தக்காளிக்கோ இது தாவாது. அதையும் பலர் கேட்டுவிட்டார்கள்.

கூட்டுப்புழுவைச் செடியில் தேட வேண்டாம். கீழே சருகுக்குள் மெல்லிய பட்டுநூல் இழைத்து அதற்குள் இருக்கும். சருகைத் தினமும் பெருக்கித் தள்ளுகிற வீட்டில் பூச்சி குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

குழந்தை கையில் பிடித்துவிட்டது. ஆபத்தா?

கொட்டாது, கடிக்காது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். வாயில் போட விடாதீர்கள். புழுவை வெறும் கையால் எடுத்ததில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ரோமம் உள்ள எந்தப் புழுவையும் குழந்தைகள் கையாள வேண்டாம் என்றே சொல்வேன்.

செடி விஷயத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். கிலுகிலுப்பை விதையைச் சின்னப் பிள்ளைகள் பட்டாணி என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும்.

எந்த மாதத்தில் பார்க்கலாம்?

டர்பனில் குளிர் பெரிதாகக் கிடையாது என்பதால் எப்போது வேண்டுமானாலும் ஒன்றிரண்டு கண்ணில் படும். எனக்கு அதிகப் படங்கள் வருவது அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஊரில் தீபாவளி என்றால் ஐப்பசி அடைமழை. இங்கே அது கோடையின் வாசல். வாசலில் வரிசையாக விளக்கு வைத்தால் அன்றைக்கு ராத்திரி சுவரெல்லாம் அந்து. அந்த மறுநாள் காலைதான் எனக்கு அதிகச் செய்தி வரும் நாள்.

எங்கள் கொள்ளுத் தாத்தாவோடு கப்பலில் வந்த பூச்சி என்று மாமா சொல்கிறார். உண்மையா?

கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. நம் ஆட்களை முதன்முதலாகக் கூலிவேலைக்கு ஏற்றிக்கொண்டு மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது 1860 நவம்பர் 16-ஆம் தேதி. கறிவேப்பிலையும் முருங்கையும் நம் ஆட்களோடு வந்தன என்றால் நம்பலாம். இந்தப் பூச்சிக்குக் கப்பல் தேவையில்லை. ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியா என்று அது பரவியிருக்கும் நிலப்பரப்பு மிகப் பெரியது. தூரதேசம் பறந்து போகும் பூச்சி இது. பிரிட்டனில்கூட எப்போதாவது தெற்குக் காற்றோடு வந்து இறங்கும், அங்கே பூச்சி பார்க்கிறவர்களுக்கு அன்றைக்குத் திருவிழா.

ஆக, தஞ்சாவூரில் அப்பாவின் சணப்பு வயலில் நான் பார்த்ததும் இங்கே ஆயா வீட்டு கேட்டில் பார்த்ததும் ஒரே இனமாகத்தான் இருக்க வேண்டும். யாரும் யாரையும் கூட்டிவரவில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தியா, இலங்கை, மலேசியாவிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பும் படத்துக்கு இந்தப் பக்கத்தை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். அந்தப் பக்கம் உட்டெதீசா லோட்ரிக்ஸ், உட்டெதீசா புல்கெல்லாய்டிஸ் என்று அச்சு அசலான இரட்டைப்பிள்ளைகள் உண்டு. அவற்றைப் படம் பார்த்துப் பிரிப்பது பெரும்பாடு. உள்ளுறுப்பை நுண்ணோக்கியில் பார்க்கிறவர்களே யோசித்துத்தான் சொல்வார்கள்.

போன் ஆப் சொல்கிற பெயரை நம்பலாமா?

ஐநேச்சுரலிஸ்ட் நல்ல ஆப். தென்னாப்பிரிக்காவில் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள், விவரம் தெரிந்த ஆட்கள் வந்து திருத்தவும் செய்வார்கள். ஆனால் எந்திரம் முதலில் சொல்லும் பெயர் ஒரு யூகம்தான். மனிதர்கள் இரண்டு பேர் ஒத்துக்கொள்ளும்வரை நான் எழுதிவைப்பதில்லை. வீட்டுத் தோட்டத்துப் படம் என்றால் இடத்தை மறைத்துப் போடும் வசதி அதிலேயே இருக்கிறது, அதைத் தட்டிவிடுங்கள்.

படம் எடுக்க: பூச்சி துள்ளிக்கொண்டே இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, ஐந்து நிமிஷம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரீசரில் அல்ல! ஒருவர் அப்படிச் செய்துவிட்டு “டீச்சர், இப்ப நல்லா போஸ் குடுக்குது” என்று அனுப்பினார். ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்தால் ஓரிரு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, செடியோடு ஒன்று, மூன்று படம் போதும். ஃபிளாஷ் வேண்டாம், சிவப்பு எரிந்துபோய் ஆரஞ்சாகத் தெரியும்.

வீட்டுக்குள் அந்து வந்தால் இறந்தவர்கள் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எங்கள் ஆயா சொல்வார். விரட்டலாமா?

ஆயா இருக்கும்போது விரட்டாதீர்கள். தூங்கப் போனதும் விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

ஜன்னலோரம் ஒன்று செத்துக் கிடந்தது. வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் வீட்டில் கிடந்தது என்றால் தாராளமாக. இயற்கைக் காப்பகத்துக்குள் கிடப்பதை எடுக்காதீர்கள். சில்வர்கிளென் பக்கம் நடக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

காய்ந்து விறைத்திருந்தால் சிறகை வலுக்கட்டாயமாக விரிக்க வேண்டாம், ஒடிந்துவிடும். ஒரு டப்பாவில் ஈரத்துணி வைத்து, துணியில் படாமல் பூச்சியை ஒருநாள் மூடிவைத்தால் இளகும். அப்புறம் ஊசிமுனையால் மெல்லத் தள்ளுங்கள். தீப்பெட்டியில் பஞ்சு, ஓரத்தில் ஒரு நாப்தலீன் உருண்டை. எறும்பு வந்தால் ஒரே ராத்திரியில் சிறகு மட்டும்தான் மிஞ்சும். ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி, ஊர், எந்தச் செடிப் பக்கம் என்று பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். பேனா மை ஊறிவிடும்.

வெயில் படும் அலமாரியில் வைக்காதீர்கள். அந்தப் பையன் தீப்பெட்டியில் கொண்டுவந்த முதல் பூச்சி இன்னும் என் மேசையில் இருக்கிறது, ஜன்னல் பக்கமாக வைத்துக் கெடுத்துவிட்டேன். சிவப்பெல்லாம் போய் இப்போது அது டீக்கறை நிறத்தில் கிடக்கிறது. பின்சிறகின் கறுப்புக் கரை மட்டும் அப்படியே இருக்கிறது.